கண்ணியமான நிறம்

தலைநகரிலிருந்து பெரியவர் ஒருவர் மாவட்டத்துக்கு வருகை தருகிறார் என்றால், எதற்காக வருகிறார் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. அவருக்கு என்ன போர்த்துவது என்றுதான் கேட்பார்கள். வந்தவர் தோளில் ஒரு பட்டு அங்கியைப் போட்டுவிட்டால், அதற்கப்புறம் அவர் சாலையைப் பார்க்க மாட்டார், வாய்க்காலைப் பார்க்க மாட்டார், குனிந்து தன்னையேதான் பார்த்துக்கொண்டிருப்பார். ஃபெர்கானா பள்ளத்தாக்கில் நிர்வாகம் என்பது பெரும்பாலும் இந்த ஒரு தத்துவத்தின் மேல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே குல்தெப்பா மாவட்டத்தின் ஹோகிம், அதாவது எங்கள் எல்லாருக்கும் மேலே உட்கார்ந்திருந்த மாவட்ட அதிகாரி மிர்ஸாகுல் அவர்கள், தையற்காரி சனோபரைக் கூப்பிட்டனுப்பினார்.

சனோபர் தைத்துக்கொண்டிருந்த இடத்தைக் கடை என்று சொன்னால் கடைகள் கோபித்துக்கொள்ளும். சந்தைக்குப் பின்பக்கம், முலாம்பழம் அடுக்கும் கிடங்கில் ஒரு மூலை. அங்கே தைத்த பட்டில் பழவாசனை ஏறிவிடும். அவள் கையால் அங்கி வாங்கிப் போட்ட மாப்பிள்ளைகள் கல்யாணத்தன்று குளவி விரட்டிக்கொண்டே நிக்காஹ்வுக்குப் போனார்கள். சந்தை வாசலிலேயே கண்ணாடி முகப்பு வைத்த கடை ஒன்று பூட்டிக் கிடந்தது. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் தன் அங்கி ஒன்றைத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டால் போதும், அதற்கப்புறம் கண்ணை மூடினாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு அவளுக்கு அதன் மேல் ஆசை. சாவி ஹோகிமின் மேஜை இழுப்பறையில் இருந்தது.

ஹோகிம் சொன்னார்: "சனோபர் அம்மா, பெரியவருக்கு அங்கி பிடிச்சிருச்சுன்னா, அந்தக் கண்ணாடிக் கடை உங்களுக்கு. என் வார்த்தை."

சனோபர் மாதிரிக்கு ஓர் அங்கியைக் கையோடு கொண்டுபோயிருந்தாள். அவள் புருஷன் எர்காஷ் நூலைக் கட்டிக் கட்டி மூன்று சாயத்தில் முக்கி, தானே தறியில் போட்டு நெய்த பட்டு. மஞ்சள் மேல் சிவப்பு, சிவப்பு மேல் பச்சை, நடுவே வெள்ளை, எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கலங்கி, மழைக்கு முந்தின மேகம் போல ஓடும். தறி குறுகலானது என்பதால் பட்டும் குறுகல். அதனால் பட்டை பட்டையாக இணைத்து, எங்கே எந்த மேகம் வர வேண்டும் என்று தரையில் பரப்பிப் பார்த்து வெட்டியிருந்தாள். உள்ளே பெரிய பெரிய ரோஜாப்பூ போட்ட பருத்தித் துணி. அதை விரித்ததும் அலுவலகமே ஒரு கணம் வெளிச்சமாகிவிட்டது. அதுதான் வினை.

ஹோகிமுக்கு அடுத்த இடத்தில் இருந்த துணை அதிகாரி துர்சுன்பாய், அங்கியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"அழகாத்தான் இருக்கு அக்கா. ஆனா அழகு வேற, கண்ணியம் வேற. இந்தச் சிவப்பு போன ஆட்சியோட கொடியை ஞாபகப்படுத்தலையா?"

"மாதுளம்பழத்தை ஞாபகப்படுத்தும் தம்பி."

"உங்களுக்கு மாதுளம்பழம். மேலே இருக்கறவங்களுக்கு? சிவப்பு வேண்டாம்."

உடனே ஒவ்வொரு துறைக்கும் தன் பொறுப்பு நினைவுக்கு வந்தது. மஞ்சள் பிரிவின் நிறம் என்று ஊரில் சொல்கிறார்களே, பெரியவர் பதவியைப் பிரிந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று கலாசாரத் துறை கேட்டது. பச்சையை அங்கியில் பார்த்துவிட்டு, வயலில் ஏன் இல்லை என்று கேட்டுவிடுவார் என்று பாசனத் துறை பயந்தது. வெள்ளையைப் பார்த்தால் பருத்தி ஞாபகம் வரும், பருத்தி ஞாபகம் வந்தால் இந்த வருஷ விளைச்சல் ஞாபகம் வரும் என்று வேளாண்மைத் துறை கண்ணீர் விடாத குறை. கடைசியில் எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத நிறம் ஒன்றே ஒன்று மிஞ்சியது. கருநீலம். அது ஏகமனதாக நிறைவேறியது.

"அப்புறம் இந்த ஓரமெல்லாம் கலங்கிக் கலங்கி இருக்கு பாருங்க," என்றார் துர்சுன்பாய். "ஒரு நிறம் எங்க முடியுது, அடுத்தது எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலை. நிர்வாகத்துல தெளிவு வேணும்."

"முழுக்கக் கருநீலத்துல முக்கினா ஒரு ஓரமும் தெரியாது தம்பி."

"பாத்தீங்களா, தெளிவு வந்துருச்சு."

அங்கி பெரியவருக்கு மட்டும் போதாது என்பது அடுத்த ஞானோதயம். எல்லாரும் கோட்டும் சூட்டுமாக நிற்க அவர் ஒருவர் மட்டும் அங்கியில் நின்றால் நாடகத்துக்கு வந்தவர் மாதிரி இருக்கும். எனவே வரவேற்பு வரிசையில் நிற்கும் அனைவருக்கும், ஹோகிமிலிருந்து வாசல் காவல்காரர் வரை, அதே பட்டில் அங்கி என்று முடிவானது.

"அளவு?" என்றாள் சனோபர், கழுத்திலிருந்த நாடாவைக் கையில் எடுத்து.

துர்சுன்பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யார் அளவு? பெரியவரோடதா? அக்கா, ஒருத்தரோட இடுப்பை விசாரிச்சா அதுக்குப் பேரு விசாரணை. பெரியவர் மேல விசாரணை நடத்த நமக்கு அதிகாரம் கிடையாது."

சுவரில் பெரியவரின் படம் இருந்தது. மார்பு வரைக்கும்தான். மார்புக்குக் கீழே அவர் எப்படி இருப்பார் என்பது மாவட்ட அளவில் கிடைக்காத செய்தி.

"அங்கின்னாலே தொளதொளன்னுதானே தம்பி தைக்கறது? எல்லாருக்கும் ஒரே அளவு தைச்சிட்டாப் போச்சு."

"எல்லாருக்கும் ஒரே அளவா?" துர்சுன்பாய் நிஜமாகவே திடுக்கிட்டார். "அப்படி நினைச்சுத்தான் போன ஆட்சியே கவுந்துச்சு!"

நெடுநேர ஆலோசனைக்குப் பின் அறிவியல்பூர்வமான ஏற்பாடு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அளவு உடம்பைப் பொறுத்ததல்ல, பதவியைப் பொறுத்தது. பெரியவருக்கு எல்லாரையும் விடப் பெரிய அங்கி. ஹோகிமுக்கு அதைவிட ஒரு சாண் குறைவு. துணைக்கு அதிலும் ஒரு சாண் குறைவு. இப்படியே படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்து, வாசல் காவல்காரரிடம் முடியும். காவல்காரர் மல்யுத்தக்காரர், ஆட்டுக்கிடா மாதிரி உடம்பு. அவருக்கு விதிப்படி வந்த அளவு, பள்ளிக்கூடம் போகும் பையனுக்குக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும்.

சனோபர் வாயைத் திறந்தாள். கண்ணாடிக் கடை ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டாள்.

வீட்டில் எர்காஷ் இதைக் கேட்டுத் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "மஞ்சள்ல முக்கு, காய வை, அவுழு, கட்டு, மறுபடி சிவப்புல முக்குன்னு உசிரை விட்டுக்கிட்டிருந்தேன். இப்ப எல்லாத்தையும் ஒரே அண்டாவுல போட்டு ஒரே முக்கு! அரசாங்கம் வாழ்க!"

"வெக்கமா இல்ல உங்களுக்கு? உங்க கையால நெய்ஞ்ச பட்டை இப்படிப் பாழாக்கச் சொல்றாங்க."

"நீதானே சரின்னுட்டு வந்தே? எனக்கா கண்ணாடிக் கடை வேணும்?"

"வாயை மூடிட்டு முக்குங்க."

அவன் முக்கினான், சீட்டியடித்துக்கொண்டே. மேகமெல்லாம் போய்ப் பட்டு இருட்டாக வந்தது. அவள் வெட்டினாள், இணைத்தாள், ஓரத்துக்கு நாடா வைத்துத் தைத்தாள். அந்த நிறத்திலும் அவள் தையல் எறும்பு வரிசை போல ஓடியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கோணல் உத்தரவை நேர்த்தியாக நிறைவேற்றுவதில் எங்கள் ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வருகைக்கு முந்தின நாள் ஒத்திகை. ஹோகிம் அங்கியைப் போட்டதும் அது காலுக்குக் கீழே போய்த் தரையைப் பெருக்கியது. துர்சுன்பாய் தன் ஓரத்தையே மிதித்துக் குப்புற விழப் பார்த்தார். மற்றப் பக்கத்தில், காவல்காரருக்கும் அவருக்கு மேலே இருந்த இரண்டு மூன்று பேருக்கும் முன்பக்கம் சேரவே இல்லை. வயிறு முந்திக்கொண்டு நின்றது.

"என்ன அக்கா இது?"

"நீங்க சொன்ன அளவு தம்பி."

"அளவு சரிதான். ஆளுங்கதான் பொருந்தலை. ஏதாவது பண்ணுங்க."

சனோபருக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. அதை நினைத்துத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள். "இடுப்புல ஒரு கச்சை கட்டிருவோம். பெரிய அங்கின்னா தூக்கிச் சொருகிக்கலாம். சின்ன அங்கின்னா இழுத்துப் பிடிச்சுக்கும்."

ஒரே கச்சையில் மேல்மட்டமும் அடிமட்டமும் சரியாகிவிட்டதைப் பார்த்து ஹோகிமே கைதட்டினார். இப்படிப்பட்ட மூளை கிடங்கில் முலாம்பழத்தோடு கிடக்கலாமா என்று வெளிப்படையாகவே கேட்டார். அன்றைக்கு அவள் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலை. ஹோகிம், பெரியவருக்கான ராட்சத அங்கியோடு உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, கோட் மாட்டும் மரத்துக்கு அதைப் போர்த்திப் போர்த்திப் பழகிக்கொண்டிருந்தார். கார்க் கதவு திறந்த பிறகுதான் அவர் வெளியே வர வேண்டும் என்பது ஏற்பாடு. மற்றவர்கள் அலுவலக வாசலில் வரிசையாக நின்றார்கள். கருநீல அங்கி, இடுப்பில் கச்சை, தலையில் தொப்பி. சிரிக்கக்கூடாது, முகத்தில் கண்ணியம் இருக்க வேண்டும் என்று துர்சுன்பாய் உத்தரவு. காற்றில் கசங்காமலிருக்கக் கொடிகளைச் சுருட்டி வைத்திருந்ததால் கையில் வெறும் கம்பு. கோடியில் நின்ற காவல்காரருக்கு மூச்சு விட வழியில்லாமல் கண் இரண்டும் சிவந்து நீர் கோத்திருந்தது.

சனோபர் வீட்டுக்குப் போய் நல்ல உடுப்பு மாற்றிக்கொண்டு, முசுக்கட்டை மரத்து முனையில் திரும்பினாள். பார்த்தாள்.

எங்கள் பள்ளத்தாக்கில் கருத்த அங்கியில் கச்சை கட்டிக்கொண்டு, கையில் கம்போடு ஆண்கள் வாசலில் வரிசையாக நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த வீட்டில் சாவு. பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய காட்சி, யோசித்தா புரிந்துகொள்வோம்? அவளே தைத்த அங்கி, அவளே கட்டச் சொன்ன கச்சை. ஆனால் தைத்தபோது அவள் அதைத் துண்டு துண்டாகத்தான் பார்த்திருந்தாள். ஒத்திகையில் ஆளுக்கு ஒரு பக்கம் தடுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள். இப்படி மொத்தமாக, வாசலில், வாய்மூடி நிற்பதை இப்போதுதான் பார்த்தாள். வரிசையில் இல்லாதது யார் என்று அவள் மனசு எண்ணிப் பார்த்தது. ஹோகிமைக் காணோம்.

"ஐயோ, என் கடை போச்சே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

தெருவுக்கு "ஐயோ" மட்டும்தான் கேட்டது.

முலாம்பழக்காரி முதலில் ஓடி வந்தாள். "என்ன சனோபர்? ஆரு?"

"ஹோகிம்..." என்றாள் சனோபர், விம்மிக்கொண்டே.

"நேத்துக்கூட என் தராசைப் பிடுங்கிட்டுப் போனாரே! நல்லாத்தானே இருந்தாரு?"

"நல்ல மனுஷன்," என்றது கூட்டத்தில் ஒரு குரல். அதுவரைக்கும் அப்படி யாரும் சொன்னதில்லை. ஆனால் சொன்னதும் எல்லாருக்கும் உண்மையாகப் பட்டது. சந்தை காலியாகி வாசலுக்கு வந்தது. ரொட்டிக்காரர் வரிசையின் முன்னால் வந்து பிரார்த்தனைக்கு இரண்டு கையையும் ஏந்தினார். எதிரில் ஒருவர் கை ஏந்தினால் தானும் ஏந்தாமல் நிற்கிறவன் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. வரிசை முழுவதும், துர்சுன்பாய் உட்பட, கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையை ஏந்திவிட்டது. எதற்கு என்று யாருக்கும் தெரியாது. பெரியவர் நல்லபடியாக வந்து சேர மக்கள் வேண்டிக்கொள்கிறார்கள் என்று துர்சுன்பாய் நினைத்தாராம், அப்புறம் சொன்னார்.

சனோபர் தள்ளாடிப் போய்க் காவல்காரரின் கையைப் பிடித்து அழப் போனாள். அப்போதுதான் விரலுக்கடியில் அக்குள் தையல் பிரிந்திருந்தது தட்டுப்பட்டது. அவள் தையல். அழுகை பாதியில் நின்றது.

"நீ ஏம்ப்பா அழறே?" என்றாள் மெதுவாக.

"அழலைக்கா. மூச்சு விட முடியலை."

"அப்ப ஹோகிம்?"

"உள்ள மரத்துக்குப் போர்வை போத்திக்கிட்டிருக்காரு."

அவள் துர்சுன்பாயிடம் ஓடினாள். "தம்பி, கெட்டுது போங்க! ஹோகிம் செத்துட்டதா ஊரே நினைச்சுக்கிட்டிருக்கு. ஏதாவது சொல்லுங்க!"

துர்சுன்பாய் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் கறுப்புக் கார் வந்து நின்றுவிட்டது.

பெரியவர் இறங்கினார். மார்புக்குக் கீழே அதிகம் ஒன்றும் இல்லை. ஒல்லியாக, குட்டையாக, எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் மாதிரி இருந்தார். வரிசையைப் பார்த்தார், கம்புகளைப் பார்த்தார், அழுகிற பெண்களைப் பார்த்தார். அவரும் இந்த நாட்டுக்காரர்தானே? முகம் சட்டென்று மாறியது. கையை ஏந்தினார். எல்லாரும் ஏந்தினார்கள். முகத்தைத் தடவிக்கொண்டு கேட்டார்:

"யாரு?"

"ஹோகிம் மிர்ஸாகுல்," என்று அழுதது சந்தை.

துர்சுன்பாய் அவசரமாகக் கணக்குப் போட்டார். இல்லை என்று சொன்னால், பெரியவர் உயிரோடிருப்பவருக்குப் பிரார்த்தனை செய்துவிட்டார் என்று ஆகும். பெரியவரின் பிரார்த்தனையைத் திருத்துவதற்கு மாவட்ட அளவில் யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆகவே அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த தலைக்குள் வேறு சில யோசனைகளும் வந்திருக்கலாம்.

பெரியவர் கண்ணீர்க் கோடு காயாத சனோபரைப் பார்த்தார். "நீங்க குடும்பமா அம்மா?"

இதுதான் நேரம். ஒரு வார்த்தை போதும். துர்சுன்பாய் தலையைத் தூக்காமலே, பக்கத்தில் நின்றவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார்: "அக்கா. கண்ணாடி. ரெண்டு பக்கமும் கண்ணாடி."

"குடும்பம் இல்லீங்க," என்றாள் சனோபர். அவள் கண் முன்னால் முலாம்பழமும் குளவியும் வந்து போயின. "ஆனா... எங்களுக்கெல்லாம் தகப்பன் மாதிரி இருந்தாருங்க."

பெரியவர் மனம் கரைந்து, அங்கேயே, கார் மூடியின் மேல் வைத்தே, துர்சுன்பாயை ஹோகிமாக நியமித்துக் கையெழுத்துப் போட்டார். துக்க வீட்டில் காலதாமதம் கூடாது.

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு, முகமெல்லாம் பல்லாக, ராட்சத அங்கியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மிர்ஸாகுல் வெளியே வந்தார்.

பெண்கள் அலறினார்கள். ரொட்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன, என்ன ஆச்சு?" என்றார் மிர்ஸாகுல்.

"நீங்க காலமாயிட்டீங்க," என்றார் துர்சுன்பாய், மிகுந்த மரியாதையோடு.

"நானா? யார் சொன்னா?"

"பெரியவரே இரங்கல் தெரிவிச்சிட்டார்."

"யோவ், நான் உசிரோட நிக்கறேன்யா!"

"அதுக்கு ஹோகிம் சான்று குடுக்கணுமே ஐயா."

"ஹோகிம் நான்தானேய்யா!"

"இருந்தீங்க," என்றார் துர்சுன்பாய்.

பெரியவர் தொண்டையைச் செருமினார். போட்ட கையெழுத்தைப் பார்த்தார். எதிரே நிற்கும் மனிதரையும் பார்த்தார். இரண்டில் எது தவறு என்பதில் அவருக்குக் குழப்பமே வரவில்லை. "இருக்கட்டும்," என்றார். "அந்த அங்கி யாருக்கு?"

ஆளோடு அங்கியும் வீணாகிவிடக் கூடாதே என்று அதை வாங்கிப் பெரியவருக்கே போர்த்தினார்கள். அவர் உள்ளே காணாமல் போனார். தூக்கிச் சொருகிக் கச்சையால் கட்டியபோது தலை மட்டும் மேலே வந்தது. பின்னால் இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க, தரையில் புரளும் கருநீலப் பட்டோடு அவர் புலாவ் சாப்பிடப் போன காட்சியைத் தொலைக்காட்சி மாலைச் செய்தியில் காட்டியது. எளிமையும் கம்பீரமும் கலந்த புதிய தேசிய உடை என்று செய்தி வாசித்த பெண் சொன்னாள்.

அவ்வளவுதான். தலைநகரில் ஆணும் பெண்ணும் தரையில் புரளும் கருநீல அங்கிக்குப் பறந்தார்கள். சமர்கந்திலிருந்து ஆள் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கச்சை கட்டிக்கொண்டு கல்யாண வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள். எர்காஷ் அண்டாவை மாற்றிப் பெரிய அண்டா வாங்கினான். சனோபர் கண்ணாடிக் கடைக்குள் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் கண்ணாடி, குளவி கிடையாது. யார் வந்தாலும் அவள் நாடாவை எடுப்பதில்லை. "என்ன பதவி?" என்று மட்டும் கேட்பாள்.

நாங்கள் இப்போது எந்த வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்தாலும் கல்யாணமா சாவா என்று கேட்பதை விட்டுவிட்டோம். கையை ஏந்தி, முகத்தை இரண்டுக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு, புலாவைத் தின்றுவிட்டு வந்துவிடுகிறோம். புலாவில் வித்தியாசம் இல்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் மிர்ஸாகுல் கடைக்கு வந்தார். அவருக்கு ஓய்வூதியம் இல்லை, செத்தவருக்கு எப்படித் தருவார்கள்? இளைத்திருந்தார். ஆனால் அவர் முகத்தில் ஒரு நாளும் நாங்கள் பார்த்திராத நிம்மதி இருந்தது.

"ஒரு அங்கி வேணும் சனோபர் அம்மா."

அவளால் அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. ஆனால் வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது. "என்ன பதவி?"

"ஒண்ணும் இல்லை. நான்தான் செத்துட்டேனே."

அவளுக்கு என்ன அளவு சொல்வதென்று தெரியவில்லை. விதியில் அதற்கு இடம் இல்லை. உள்ளே, இருட்டு அலமாரியில், யாரும் கேட்காததால் மடித்துக் கிடந்த, மாதிரிக்குக் காட்டிய அந்த முதல் அங்கியை எடுத்து வந்து, அவர் முன் போட்டாள். மஞ்சள், சிவப்பு, பச்சை, வெள்ளை. "எடுத்துக்கங்க ஐயா. விலை வேண்டாம்."

அவர் போட்டுக்கொண்டார். தோளிலிருந்து தொளதொளவென்று விழுந்து, அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. கச்சை கேட்கவில்லை. அப்படியே சந்தைக்குள் இறங்கி, மாதுளம்பழம் ஒன்று வாங்கித் தின்றுகொண்டே நடுத்தெருவில் நடந்தார்.

சந்தை முழுக்க, தரையில் புரளும் கருநீலத்தில், கச்சை கட்டிக்கொண்டு நாங்கள் வரிசையாக நின்று அவரைப் பார்த்தோம். "செத்த மனுஷன் போட்டுக்கிட்டுத் திரியற நிறத்தைப் பாரு, கொஞ்சமாவது கண்ணியம் இருக்கா?" என்றாள் முலாம்பழக்காரி. எல்லாரும் சிரித்தோம். கண்ணாடிக்குப் பின்னால் சனோபர் மட்டும் சிரிக்கவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். கண்ணாடியில் எங்கள் நிழலே விழுந்துகொண்டிருந்ததால் எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை.